மறைக்கும் கடனே வளரும்!

சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில் சேந்தமங்கலத்தில் உள்ள என் வீட்டுக்கு, கல்லூரியில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வந்திருந்தார். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையொன்றில் மேற்பார்வையாளராகப் பணியாற்றுபவர். அவருடைய மனைவி தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாத வருவாய் ரூ.46,000. பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கடன் அட்டையில் வந்து நின்றது. "மொத்தம் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டேன். "மூன்று அட்டை சார்... இரண்டு லட்சம் இருக்கலாம்" என்றார். "வீட்டில் தெரியுமா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றி அவர் கதையை இங்கே எழுதுகிறேன். பணம், வட்டி, வங்கி ஆகியவற்றைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் நான். ஆயினும், ஒரு குடும்பத்தின் கடன் தீரத் தொடங்குவது எந்தப் பொருளாதாரக் கோட்பாட்டிலும் இல்லை. 'எவ்வளவு பாக்கி', 'வீட்டில் யாருக்குத் தெரியும்' என்ற இரு கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்வதில்தான் இருக்கிறது என்பதை அன்று மீண்டும் உணர்ந்தேன்.

இந்தியாவில் கடன் அட்டை 1980-ஆம் ஆண்டு சென்ட்ரல் வங்கியால் அறிமுகமானபோது அது பெருநகரச் செல்வர்களின் அடையாளமாக இருந்தது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புழக்கத்திலிருந்த அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துவிட்டது. 2022 முதல் ரூபே கடன் அட்டையை யுபிஐ செயலியுடன் இணைக்கும் வசதியும் வந்துவிட்டதால், தேநீர்க் கடையிலும் மளிகைக் கடையிலும் ஒட்டப்பட்டிருக்கும் சதுரக் குறியீட்டை வருடியே கடனில் பொருள் வாங்க முடிகிறது. கடன் வாங்குகிறோம் என்ற உணர்வே இன்றிக் கடன் வாங்கும் காலம் இது.

அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த டிரேசன் பிரெலக், டங்கன் சிமெஸ்டர் ஆகிய இருவரும் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை ஏலத்தில் விட்டு, ஒரு சாராரிடம் ரொக்கமாகவும் மற்றொரு சாராரிடம் கடன் அட்டை மூலமாகவும் பணம் செலுத்த வேண்டும் என்று கூறினர். அட்டையில் செலுத்துவோர் கேட்ட விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பையிலிருந்து பணத்தாள் வெளியேறும்போது மனத்தில் எழும் சிறு வலி, அட்டையைத் தேய்க்கும்போது எழுவதில்லை.

அட்டையே தீயது என்று நான் சொல்லவில்லை. கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிடுபவருக்கு அது ஒரு மாதத்துக்கும் மேலான வட்டியில்லாக் கடன். முழுத் தொகையைச் செலுத்தத் தவறும் மாதத்தில்தான் அதன் இயல்பு மாறுகிறது. பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே அப்போது விலகிவிடுகிறது. அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தாலோ, முதல் நாள் முதலே வட்டியும், அதற்குமேல் ஒரு கட்டணமும் உண்டு.

வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். மாதம் 3.5 சதவீதம் என்பது பரவலாக உள்ள விகிதம். ஆண்டுக்கு 42 சதவீதம். அந்த வட்டியின் மீது 18 சதவீத சரக்கு-சேவை வரியும் சேர்கிறது. ஆக, மாதத்துக்கு 4.13 சதவீதம்.

என் மாணவரின் மூன்று அட்டைகளையும் கூட்டிப் பார்த்தபோது பாக்கி இரண்டு லட்சமல்ல, ரூ.2,40,000. இதற்கு ஒரு மாத வட்டி ரூ.8,400, வரி ரூ.1,512, மொத்தம் ரூ.9,912. அவர் மாதந்தோறும் செலுத்தி வந்ததோ 'குறைந்தபட்சத் தொகை' எனப்படும் ஐந்து சதவீதம், அதாவது ரூ.12,000. அதில் கடனின் அசலைக் குறைத்தது வெறும் ரூ.2,088. புதிதாக ஒரு ரூபாய்கூட அட்டையில் செலவிடாமல், பாக்கியின் ஐந்து சதவீதத்தை மட்டும் இப்படியே செலுத்தி வந்தால், கடன் பாதியாகக் குறையவே ஆறரை ஆண்டுகளுக்கு மேலாகும்!

ஆனால், புதிதாகச் செலவிடாமல் அவரால் இருக்க முடியவில்லை. வீட்டுச் செலவு போக அவர்களுக்கு மிஞ்சுவது மாதம் ரூ.6,800. அதிலிருந்து ரூ.12,000 எப்படிச் செலுத்துவது? சம்பளம் வந்ததும் அட்டைக்குப் பணத்தைக் கட்டிவிடுவார். மாதக் கடைசியில் கையில் காசு இராது. மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே அட்டையைத் தேய்ப்பார். கட்டிய பணம் ஒரு கதவு வழியே போய் மறு கதவு வழியே கடனாகத் திரும்பி வந்தது. மாமனாரின் மருத்துவச் செலவில் தொடங்கிய கடன், ஆடம்பரம் ஏதுமின்றியே மூன்று ஆண்டுகளில் இந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

வட்டியின் கொடுமையிலிருந்து அரசு மக்களைக் காக்க முயன்ற வரலாறு நமக்கு உண்டு. சேலத்தில் வழக்குரைஞராக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியவர் ராஜாஜி. கடன்பட்ட உழவர்களின் நிலையை இந்த மண்ணிலேயே கண்டவர். அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வாங்கிய அசலைப் போல இரு மடங்கை, அசலாகவோ வட்டியாகவோ, ஓர் உழவர் ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அந்தக் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது அச்சட்டம். வட்டிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அதன் சாரம். கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடை செய்து 2003-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தின் அடிப்படையும் அதுவே.

கடன் அட்டை வட்டிக்கு இன்று அத்தகைய எல்லை இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்தது. வங்கி வட்டியை நெறிப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதும், அட்டைதாரர்கள் தங்கள் கடமைகளை அறிந்தே அட்டையைப் பெறுகின்றனர் என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்ற கருத்துகள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். மூன்று அட்டைகளை வைத்திருந்தும் மொத்தப் பாக்கியைச் சொல்ல இயலாத என் மாணவரை எண்ணிப் பார்க்கும்போது, 'அறிந்தே' என்ற சொல் உறுத்துகிறது.

சட்டம் வந்து காக்கும் என்று காத்திருக்க இயலாது. எனவே, குடும்பம்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழியை நம் ஊர்ப் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டனர்.

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. 1991-92-இல் அது சேலம் மாவட்டத்துக்கு விரிந்தது. நாமக்கல் தனி மாவட்டமாக 1997-இல்தான் பிரிந்தது என்பதால், சேந்தமங்கலமும் அன்று சேலம் மாவட்டமே. சுயஉதவிக் குழுக்கள் ஏட்டில் எழுதுவது என்ன? யார் எவ்வளவு சேமித்தார், யார் எதற்காகக் கடன் பெற்றார், எவ்வளவு திருப்பிச் செலுத்தினார், எவ்வளவு பாக்கி என்பவை. இவை கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் தன் பாக்கியைக் காசு சுத்தமாகச் சொல்வார். வெளிப்படையான கடனுக்கு ஓர் எல்லை இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

நம் திருமண வீடுகளில் எழுதப்படும் மொய்க் கணக்கும் அத்தகையதே. யார் வீட்டுக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். கடன் அட்டையோ இதற்கு நேர்மாறானது. கடன் கொடுத்தவருக்கு நம் வருவாய், செலவு, பழக்கவழக்கம் அனைத்தும் தெரியும். நம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டியல் மின்னஞ்சலுக்கு வருகிறது. மின்னஞ்சலை ஒருவர் மட்டுமே திறக்கிறார். சில மாதங்களுக்குப் பின் அவரும் திறப்பதில்லை.

வெளிப்படைத்தன்மை வேறு, அம்பலப்படுத்துதல் வேறு. உறவினர் முன்னும் தெருவார் முன்னும் கடனாளியை அவமானப்படுத்துவது வெளிப்படைத்தன்மை ஆகாது. அது அத்துமீறல். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது. மிரட்டவோ இழிவுபடுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. வங்கியிடம் புகார் அளித்து 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரை அணுகலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம். கடனை மறைத்து வைத்திருப்பவரே இத்தகைய மிரட்டலுக்கு எளிதில் இரையாகிறார். 'வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்' என்ற அச்சுறுத்தல், ஏற்கெனவே வீட்டில் சொல்லிவிட்டவரிடம் பலிக்காது. கடனால் மனம் உடைந்திருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற உதவி எண்களில் தயங்காமல் பேசலாம். எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

மறுநாள் என் மாணவர் தன் மனைவியிடம் சொன்னார். வீட்டில் இரண்டு நாள்கள் அடுப்பைத் தவிர வேறெதுவும் பேசவில்லை என்று பின்னர் என்னிடம் கூறினார். மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்தே வந்தனர். "கடன் வாங்கினதுக்குக்கூட எனக்கு வருத்தமில்லை சார். மூணு வருஷம் தனியாவே தூக்கிட்டுத் திரிஞ்சாரே, அதுதான்" என்றார் அந்தப் பெண். பிறகு கைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து விரித்தார்.

முதற்பக்கத்தில் கடன்கள்: எந்த வங்கி, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, எந்தத் தேதி கெடு. மறந்துபோன கடன் ஏதேனும் உண்டா என்பதை அறியவும் வழியிருக்கிறது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். நல்லவேளையாக வேறு கடன் இல்லை.

இரண்டாம் பக்கத்தில் மாதச் செலவு: வாடகை ரூ.6,500, மளிகை, காய்கறி ரூ.9,000, பால் ரூ.2,400, எரிவாயு, மின்சாரம் ரூ.1,800, பெட்ரோல் ரூ.3,000, மகனின் பள்ளிக் கட்டணம், வேன் ரூ.5,000, கைப்பேசி ரூ.1,000, காப்பீடு, சீட்டு ரூ.4,000, தாயாரின் மருந்து ரூ.1,500; மொய் ரூ.2,000, வெளியுணவு, சிறுசெலவுகள் ரூ.3,000. ஆக ரூ.39,200. தீபாவளித் துணியும் திடீர்க் காய்ச்சலும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தேன். பட்டியலில் இடம்பெறாத அந்தச் செலவுகளே அட்டைக்குப் போயிருந்தன.

எதைக் குறைப்பது என்பதை நான் சொல்லவில்லை. அவர்களே முடிவு செய்தனர். வெளியுணவில் ரூ.2,500, பெட்ரோலில் ரூ.1,000 (பட்டறைக்குப் பெரும்பாலும் பேருந்தில் செல்வது), மளிகையில் ரூ.1,000, கைப்பேசியில் ரூ.400, மொய்யில் ரூ.1,000. நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யைக் குறைக்க முடியாது. புதிதாகத் தொடங்கும் மொய்யைக் குறைக்கலாம் என்றார் அந்தப் பெண். தாயாரின் மருந்திலும் மகனின் படிப்பிலும் கைவைக்கவில்லை. குறைந்தது ரூ.5,900. மாலையில் தனிவகுப்பு நடத்தி ரூ.4,000 ஈட்ட முடியும் என்று அவர் சொன்னார். ஏற்கெனவே மிஞ்சிய ரூ.6,800-ஐயும் சேர்த்தால் ரூ.16,700. அதில் ரூ.15,000 கடனுக்கு, ரூ.1,700 அவசரத்துக்கு. அவசரத்துக்கென்று ஒரு சிறு தொகையேனும் ஒதுக்காத திட்டம் முதல் காய்ச்சலிலேயே மீண்டும் அட்டையிடம் போய் நிற்கும்.

ஆயினும், ரூ.2,40,000-க்கு மாதம் ரூ.9,912 வட்டியும் வரியும் ஓடும்போது ரூ.15,000 போதாது. எனவே, நகைகளில் ஒரு பகுதியை வங்கியில் அடகு வைத்து ரூ.1,20,000 பெற்று அட்டைகளில் செலுத்த அவர்கள் முடிவு செய்தனர். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீத அளவில் இருந்தது, மாதம் ரூ.1,000. அதே தொகைக்கு அட்டையில் போய்க்கொண்டிருந்தது ரூ.4,956. எஞ்சிய ரூ.14,000 மாதந்தோறும் அட்டைகளுக்கு. இதன்படி, அட்டைக் கடன் 11 மாதங்களிலும் அதன்பின் நகைக்கடன் 9 மாதங்களிலும் தீரும். இருபது மாதங்களில் செலுத்தும் மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.47,000. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்திருந்தால், ஐந்தே மாதங்களில் வட்டிக்கும் வரிக்கும் மட்டுமே போயிருக்கக்கூடிய தொகை அது!

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நகையை வைத்து அட்டையை அடைத்துவிட்டு, காலியான அட்டையில் மீண்டும் வாங்கத் தொடங்கினால் ஒரு கடன் இரு கடனாகும், நகையும் போகும். எனவே, நகைப் பணத்தால் முதலில் அடைந்த அட்டையை உடனே ரத்து செய்யக் கோரினர். ரத்து செய்யும் கோரிக்கையை, பாக்கி இல்லாத நிலையில், ஏழு வேலைநாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 வாடிக்கையாளருக்கு வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை. இது பலருக்குத் தெரிவதில்லை. மற்ற அட்டைகளின் விவரங்களைக் கைப்பேசிச் செயலிகளிலிருந்து நீக்கினர்.

பல அட்டைகள் இருப்பின் எதை முதலில் அடைப்பது? மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு, வட்டி மிகுந்த அட்டைக்கு எஞ்சிய பணம் முழுவதையும் செலுத்துவதே கணக்குப்படி லாபம். வட்டி ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பின், சிறிய பாக்கியை முதலில் முடித்துவிடலாம். ஒன்று தீர்ந்தது என்ற மனநிறைவு அடுத்ததைத் தீர்க்கும் ஊக்கத்தைத் தரும். வங்கி ஒரு தொகையைத் தள்ளுபடி செய்து 'சமரசமாக' முடித்துக்கொள்ள அழைத்தால், அவ்வாறு முடித்த குறிப்பு கடன் தகவல் அறிக்கையில் இடம்பெறும் என்பதையும், பின்னாளில் வீட்டுக் கடன் பெறுவதற்கு அது தடையாகலாம் என்பதையும் அறிந்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெளிப்படைத்தன்மை குடும்பத்துக்கு மட்டும் உரிய கடமையன்று. குறைந்தபட்சத் தொகையை மட்டுமே செலுத்தினால் கடன் பல மாதங்கள், ஆண்டுகள் நீளும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. 'புகைபிடித்தல் தீங்கானது' என்பதைப் போன்ற பொது எச்சரிக்கை அது. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் இந்த வாடிக்கையாளரின் இந்தப் பாக்கி தீர எவ்வளவு காலமாகும், மூன்று ஆண்டுகளில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு பட்டியலிலும் குறிப்பிட வேண்டும். நம் வங்கிகளின் கணினிகளுக்கு இந்தக் கணக்கு ஒரு நொடி வேலை. அதைத் தமிழில், பெரிய எழுத்தில், பட்டியலின் முதல் பக்கத்திலேயே அச்சிட ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும். 'அறிந்தே ஒப்புக்கொண்டார்' என்று வாடிக்கையாளரைப் பார்த்துச் சொல்லும் தகுதி அப்போதுதான் வங்கிகளுக்கு வரும்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கணக்கு வாசிக்கப்படுகிறது. மனைவி படிக்கிறார், கணவர் கூட்டுகிறார், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் நோட்டில் எழுதுகிறான். பிள்ளைகளுக்குக் கடன் தெரியக்கூடாது என்று எண்ணுவோர் உண்டு. வீட்டின் வருவாய் எவ்வளவு என்று அறிந்த பிள்ளை, கேட்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கும் என்பதே நான் கண்டது. சில மாதங்களில் திட்டம் தவறவும் செய்தது. தாயாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை செய்த மாதத்தில் ரூ.14,000-க்குப் பதில் ரூ.8,000-தான் கட்ட முடிந்தது. அதையும் மறைக்காமல் நோட்டில் எழுதினர்.

அண்மையில் புதன்சந்தையில் அவரைச் சந்தித்தேன். அட்டைகளின் பாக்கி தீர்ந்துவிட்டது. இரண்டை ரத்து செய்துவிட்டு ஒன்றை மட்டும், வரம்பைக் குறைத்து, வைத்திருக்கிறார். நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் அருகில் நின்ற மகன் சொன்னான்: "எழுபத்தெட்டாயிரம் தாத்தா".

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).